பொறவு ஏத்திக்கிடலாம்

சார்ஜாவில் சிக்னலில் காத்திருக்கும்போது என் பக்கத்தில் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரு சக்கரம்தான். ஓட்டுகிறவன் முகம் தெரியாது. பாலைவன மணலில் ஓடுவதற்கென்று அடியில் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாற்றி, பெரிய டயர் போட்டு, ஒரு சாண் உயரம் ஏற்றிய பிக்கப் வண்டி அது. என் சின்னக் கார் அதன் வயிற்றுக்குக் கீழே புகுந்து வந்துவிடும் போலிருக்கும். தூத்துக்குடியில் சிக்னலில் திரும்பிப் பார்த்தால் பக்கத்து வண்டிக்காரர் “அண்ணாச்சி, லைட்டு எரியுது பாருங்க” என்றாவது சொல்வார். இங்கே சக்கரத்தோடு நான் என்னத்தைப் பேச?

அப்படியொரு வண்டி வாங்கும் ஆசை என் மனைவி மெர்சியால் வந்தது. அவள் இங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ், நான் ஏசி மெக்கானிக். போன குளிர்காலத்தில் உம் அல் குவைன் பக்கம் ஆளில்லாத ஒரு கடற்கரைக்குப் போகிறேன் பேர்வழி என்று காரை மணலில் புதைத்துவிட்டேன். டியூட்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் மெர்சி பின்னாலிருந்து தள்ளினாள். கடைசியில் ஏற்றிய பிக்கப் ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டது. எதிரே கடல் தெரிந்தது, ஆனால் கால் நனைக்காமலே திரும்பினோம். கடற்கரையில் பிறந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. “அடுத்த குளிருக்காவது அங்க போயிரணும்” என்றாள்.

அந்த அடுத்த குளிர் வந்துவிட்டது. இதுதான் கடைசிக் குளிரும்கூட. மகள் இங்கே பள்ளிக்கூடம் முடிக்கிறாள். அவளை ஊரில் கல்லூரியில் சேர்க்கப் போகும்போது வேலையை விட்டுவிட்டுத் தானும் போய்விடுவதாக மெர்சி பலமுறை சொல்லிவிட்டாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டை. ராத்திரி தூக்கம் பிடிக்காமல் புரள்வேன், விடிந்ததும் பிக்கப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

ஏற்றியதையே வாங்குவதா, சாதா வண்டி வாங்கிப் பிறகு ஏற்றுவதா என்பதுதான் என் பேச்சு. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நாங்குநேரி ராஜன் விவரமாகச் சொன்னான். “நம்மளே ஏத்துனா உள்ள என்ன போட்டிருக்குன்னு நமக்குத் தெரியும் அண்ணாச்சி. ஏத்துனத வாங்குனா எவன் எதை வெட்டினான், எங்க வெல்டிங் வச்சான்னு யாருக்குத் தெரியும்? ஆனா அதுக்கு அரசாங்கச் சோதனை, பாஸிங்கெல்லாம் முடிஞ்சிருக்கும், இன்னைக்கே மணல்ல எறக்கலாம். பொறவு ஏத்தணும்னா பெர்மிஷன் வாங்கணும், திரும்பப் பாஸிங்குக்குக் கொண்டு போகணும். ரொம்ப வருசம் இருக்கப்போறவங்க அதச் செய்யலாம். நீங்க எத்தன வருசம் இருப்பீய?”

“இன்னும் ரெண்டு வருசம்” என்றேன். வளைகுடாவுக்கு வந்த முதல் மாதத்திலிருந்து நான் சொல்லிவரும் பதில் அது. ராஜன் சிரித்துவிட்டான், அவனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

‘பிறகு’ என்ற சொல்லால் நான் ஏற்கெனவே சூடு பட்டிருக்கிறேன். ஊரில் வீடு கட்டும்போது கொத்தனார் பேஸ்மட்டத்தை இன்னும் உயர்த்தச் சொன்னார். நான் இங்கிருந்து போனில், “இப்போதைக்கு இது போதும், பொறவு ஏத்திக்கிடலாம்” என்றேன். பிறகு ஏறியது வீடல்ல, ரோடு. போடப் போட ரோடு மேலே வந்து, மழைத் தண்ணீர் நடு வீட்டுக்குள் நிற்கிறது. இப்போது மொத்த வீட்டையும் ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். மச்சான் அனுப்பிய வீடியோவில் எங்கள் வீடு அஸ்திவாரத்தை விட்டுப் பிரிந்து இரும்பு ஜாக்கிகள்மேல் நின்றது. மெர்சி அதைப் பார்த்துவிட்டு, “கெட்டும்போதே ஏத்தியிருந்தா இந்தப் பாடு உண்டா?” என்றாள்.

அந்தச் சொல்தான் என்னை உசுப்பியது. மறுநாளே, ஏற்றிய பிக்கப் ஒன்றை விற்க வைத்திருந்த அரபியைப் பார்க்கப் போனேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “அர்பாப் கிதர்?” என்றார். முதலாளிக்காக வண்டி பார்க்க வந்த டிரைவர் என்று நினைத்துவிட்டார்.

“மாஃபி அர்பாப், முதலாளி இல்லை. எனக்குத்தான்.”

“உனக்கா? ஏற்றிப்போக ஒட்டகம் இருக்கிறதா, இழுத்துப்போகப் படகு இருக்கிறதா?” என்று இந்தியில் கேட்டார்.

“மனைவி இருக்கிறாள். கடல் பார்க்கவேண்டும்.”

இதிலென்ன சங்கதி என்பதுபோல் என்னைப் பார்த்தார். கடலுக்குத்தான் தார் ரோடே இருக்கிறதே என்று கடலோரச் சாலையான கார்னிஷ் பக்கம் கைகாட்டினார். நான் ராஜனைப் போனில் கூப்பிட்டு வரவழைத்தேன். அவன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துச் சரி என்றதும் விலை பேசி வாங்கிவிட்டேன்.

ஓட்டிக்கொண்டு வந்தால், எங்கள் கட்டிட பார்க்கிங் வாசலில் தொங்கும் உயரத் தடுப்புக் கம்பி வண்டியை உள்ளே விடவில்லை. எதிரே காலி மணலில் நிறுத்திவிட்டு மெர்சியைக் கீழே கூப்பிட்டேன். அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“ஏத்துனதே வாங்கிட்டீயளா?”

“ஆமா. இந்த வாரமே கடலுக்குப் போறோம். இனிமே பொறவுங்கிற பேச்சே கெடையாது” என்றேன் பெருமையாக.

அவள் முகத்தில் சிரிப்பில்லை. “நீங்க சாதா வண்டிதான் வாங்குவீயன்னு நெனச்சேன்.”

“ஏன்?”

“பொறவு ஏத்திக்கிடலாம்னு சொல்லுவீய, அப்போ ரெண்டு பேரும் இன்னும் கொஞ்ச நாள் இங்கன இருப்போம்னு நெனச்சேன். போறேன் போறேன்னு நான் சொன்னதெல்லாம், ‘போவாத, இரு’ன்னு நீங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டீயளான்னுதான். நீங்க இந்த ஒரு குளிருக்கு மட்டும் ஆகுற வண்டியப் பாத்து வாங்கிட்டு வந்திருக்கீய.”

ஊரில் வீட்டை ஏற்றாமல் விட்டேன், இங்கே வண்டியை ஏற்றியே வாங்கினேன். இரண்டும் பிசகிவிட்டன. ‘இரு’ என்று இப்போது சொல்லலாம்தான். ஆனால் எந்த ஊரில் இருக்கச் சொல்வது? அங்கே வீடு ஜாக்கிமேல் நிற்கிறது, இங்கே வண்டி வாசலுக்குள் நுழையவில்லை.

மெர்சி கதவைத் திறந்து ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். மறு கால் மணலில் இருந்தது. உயரம் எட்டவில்லை.

“கையக் குடுங்க” என்றாள்.

கொடுத்தேன். ஏற்றிவிடவும் மனம் வரவில்லை, இறக்கிவிடவும் மனம் வரவில்லை. கையைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.