அந்தக் கால லெமனேட்

டிராக் ரேஸ் மைதானத்தில் லெமனேட் விற்க ஒரே ஒரு தகுதி போதும்: போன வாரம் கேட்ட கதையை இந்த வாரமும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கத் தெரிய வேண்டும். கால் மைல் நேர் ரோடு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார், ஓர் உறுமல், முடிந்தது. அடுத்த ஜோடி வந்து நிற்கிறவரை ஜனங்கள் என்ன செய்வார்கள்? என் கடை முன்னால் வந்து நின்று, அந்தக் காலத்தில் ரேஸ் எப்படி இருந்தது என்று சொல்வார்கள். எப்போதாவது கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு என் வலி புரியும்.

வீட்டில் வாங்கிய பர்மிஷன்

தொண்ணூற்றேழு கோடை. நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் செட் பசங்க எல்லாரும் சனிக்கிழமையானால் ஒரு ஆண்ட்டி வீட்டு பேஸ்மென்ட்டில் எஸ்.ஏ.டி. என்கிற காலேஜ் நுழைவுத் தேர்வுக் கோச்சிங்கில் கிடந்தார்கள். நான் மட்டும் ரேஸ் மைதானத்தில் வேலை வாங்கிவிட்டேன். அப்பா மருந்து கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். எதையும் டெஸ்ட் பண்ணாமல் அப்ரூவ் பண்ண மாட்டார். மாதக் கடைசியில் பழைய கார்களை ஓட்டும் நாள் வருகிறதல்லவா, அன்றைக்கு நேரில் வந்து பார்ப்பேன், எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த சனிக்கிழமை நீ ஆண்ட்டி வீட்டில் இருப்பாய் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு ரேஸ் என்றாலே கிண்டி, குதிரை, அடகுக்குப் போன நகை. இது காரும்மா, யாரும் பணம் கட்ட மாட்டாங்க என்று ஒரு வாரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "ரேஸுக்குப் போயி உருப்பட்டவன் நம்ம பக்கத்துல ஒருத்தன் இருந்தாச் சொல்லு சாமி, நானே உனக்கு டிபன் கட்டித் தர்றேன்."

அதே ஜூஸ், வேறு அட்டை

என் நிரந்தர வாடிக்கையாளர் வால்ட். ரிட்டயர்ட் மெக்கானிக், மடக்கு நாற்காலியோடு வருவார். அவர் பேசுவது அசல் நியூஜெர்சி இங்கிலீஷ். ஆனால் எனக்கு அது எங்கள் பொள்ளாச்சிப் பெரியப்பா குரலில்தான் கேட்கும், அப்படியே தருகிறேன். அந்தக் காலத்தில் பச்சை லைட் கிடையாது, ஒருத்தன் கொடியோடு இரண்டு காருக்கும் நடுவில் எகிறிக் குதிப்பான். எஞ்சின் முன்னால், டிரைவர் பின்னால், எண்ணெய் எல்லாம் அவன் மூஞ்சியில். புகையில் பார்க்கிறவனுக்கும் கண் எரியும். இப்போது கண்ணே எரிவதில்லை என்பதுதான் வால்டின் பெரிய வருத்தம். அந்த வரிசையில் என் லெமனேடும் சேர்ந்தது: அந்தக் காலத்து ருசி இல்லை.

அடுத்த வாரம் இரண்டு ஜாடி வைத்தேன். ஒன்றின் அட்டையில் வெறும் 'லெமனேட்'. இன்னொன்றில், கோணல்மாணல் எழுத்தில், 'அந்தக் கால லெமனேட்'. இரண்டும் ஒரே வாளியில் கலக்கியது. பெரிசுகள் எல்லாம் இரண்டாவது ஜாடியை மொய்த்துவிட்டார்கள். வால்ட் ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு என் தோளில் தட்டினார்: "இதுதானுங்கண்ணு. போன வாரம் வரைக்கும் நீ ஊத்துனது பாத்திரம் கழுவுன தண்ணி."

ஃப்ளோரிடாவிலிருந்து வந்த குரல்

மைக்கில் கத்துவது டோனி. எனக்கும் அவன்தான் பாஸ். அவனுக்கு முன்னால் மைக் பிடித்தவர் எப்போதோ ரிட்டயர் ஆகி ஃப்ளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் குரலை வால்ட் கேசட்டில் வைத்திருந்தார். கேட்கிறவன் கிடைத்தால் விட மாட்டார். நான் கிடைத்தேன். பாதி மூக்கு, பாதி கரகரப்பு, கார் பெயரைச் சொல்லும்போது கடைசி எழுத்தைப் பஸ் கண்டக்டர் மாதிரி இழுப்பார். வீட்டில் பாத்ரூமில் நாலு நாள் பழகினேன். அம்மா இருமல் மருந்தோடு கதவைத் தட்டினாள்.

சனிக்கிழமை டோனி சாப்பிடப் போன நேரம் மைக் ரூமில் நுழைந்து அந்தக் குரலை எடுத்துவிட்டேன். கேலரியில் பெரிசுகள் ஒவ்வொருவராக எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். கையில் பாதி சாண்ட்விச்சோடு டோனி ஓடி வந்து பார்த்தால், நான். அதற்குள் வால்ட் கீழே நின்று, ஃப்ளோரிடா வெயிலில் ஆளுக்குக் குரல் இன்னும் நன்றாகிவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். டோனியின் இங்கிலீஷ் என் காதில் எப்போதும் வண்ணாரப்பேட்டைத் தமிழ்: "அவங்க கையில உண்மையச் சொல்லி நான் அடி வாங்க முடியாது. அடுத்த வாரமும் அவரு வர்றாருன்னு சொல்லிடு, நான் போயி ஜூஸ் விக்கறேன்."

அப்பா டெஸ்ட் பண்ண வந்தார்

மாதக் கடைசி வந்தது. அப்பா இன் பண்ணிய சட்டை, வெள்ளை ஷூ, காதில் பஞ்சு. என் காதுக்கு எட்டுகிற தூரத்தில், வால்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு நாளாவது ஒழுங்கா இருங்கப்பா என்று எல்லாரிடமும் கெஞ்சிவிட்டு வந்தேன். முதல் ஜோடி பழைய கார் கிளம்பியதும் புகை நேராக அப்பா மேல். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, கைக்குட்டையை எடுத்தார். ஆண்ட்டி வீட்டு பேஸ்மென்ட் என் கண்முன்னால் வந்து நின்றது.

போதாததற்கு வால்ட் ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் இது விமானம் இறங்கிய ரோடு, வேலி இல்லை, வைக்கோல் கட்டுதான் என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பா, சோழவரத்திலும் அப்படித்தான் என்றார். எந்த ஊர் என்றார் வால்ட். மெட்ராஸ் பக்கம், யுத்த காலத்து ரன்வே, காலேஜ் படிக்கும்போது பஸ் பிடித்துப் போய் மணல் மூட்டை மேல் உட்கார்ந்து பார்ப்போம், வேலி கிடையாது, நடுவில் மாடு வரும், மாட்டை ஓட்டிவிட்டுத்தான் ரேஸ் என்று அப்பா அடுக்கினார். எனக்கு இதில் ஒரு வரி தெரியாது. வால்ட் எதைச் சொன்னாலும் சோழவரத்தில் அது ஒரு பிடி அதிகமாக இருந்தது. கடைசியில் வால்ட் எழுந்து என் கடைக்கு வந்து ரகசியமாகக் கேட்டார்: "உங்கப்பா புளுகறாராங் கண்ணு, இல்ல நாந்தான் தப்பான ஊர்ல பொறந்துட்டனா?"

நாலு எலுமிச்சம்பழம்

சாயங்காலம் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டலாம். வால்ட் உசுப்பிவிட, அப்பா நேராக என் கடைக்கு வந்து நாலு பழம் கேட்டார். ஜூஸுக்கு இல்லை. எங்கள் ஃபேமிலி காரைக் கோட்டில் நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கும் அடியில் ஒரு பழம் வைத்து, கும்பிட்டுவிட்டு நசுக்கினார். ரோட்டில் ஏதோ ஒழுகுகிறது என்று டோனி பதறி ஓடினான். வால்ட் அவனைத் தடுத்து, "ரோட்டைப் பிடிக்கோணும்னு நாங்க டயருக்கு அடியில துணி வெளுக்கற ப்ளீச்சையே ஊத்துவோம்டா, அவரு பழம்தான வெக்கறாரு, மணமா இருக்குது விடு," என்றார்.

பச்சை விழுந்தது. பக்கத்து டிரக் பாய்ந்தது. அப்பா இரண்டு பக்கமும் பார்த்து, இண்டிகேட்டர் போட்டுவிட்டுக் கிளம்பினார். டிரக்குக்காரன் அந்தக் கோடியில் இறங்கி நின்று அப்பாவுக்காகக் காத்திருந்தான். கேலரி முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. நான் கவுண்டருக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

திரும்பும்போது டர்ன்பைக் ஹைவேயில் டோல் கட்ட அப்பா காரை நிறுத்தினார். நானாகக் கேட்டேன், பிடிச்சுதாப்பா என்று. ரேடியோவை அணைத்துவிட்டுச் சொன்னார்: "வேலையை விட வேண்டாங் கண்ணு, கிளாஸை ஞாயித்துக்கெளமைக்கு மாத்தச் சொல்லி ஆண்ட்டிகிட்ட நான் பேசிக்கறேன், சனிக்கெளமை இனி எனக்கும் அங்க வேலை இருக்குது, வால்ட் ஒரு நாற்காலி சேத்துக் கொண்டாறேன்னுட்டாரு."

ஆக, வேலை எனக்கு நிலைத்தது, சனிக்கிழமை அப்பாவுக்குப் போனது, ஞாயிற்றுக்கிழமை ஆண்ட்டிக்குப் போனது.