கிருபாவுக்காக நான் கேட்ட ஜெபம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வலங்கைமான் பக்கம் எங்கள் சபையில் பாடற்குழுவை நான் நடத்திவந்தேன்.
2. "உன் இடத்துல நிக்க இன்னொருத்தியத் தயார் பண்ணும்மா" என்றார் போதகர். குழுவில் என்னைவிட இளையவளான கிருபாவைத் தயார் செய்தேன்.
3. என் குரல் போயிற்று.
4. தொண்டையில் முடிச்சு, பேசவே கூடாது, கரையாவிட்டால் ஆபரேஷன் என்றார் டாக்டர்.
5. என் இடத்தில் கிருபா நன்றாக நடத்தினாள்.

என்னை அழவைத்தது ஐந்தாவதுதான்.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். எது பழுதென்று பிரித்துப் பார்ப்பது பழக்கம். அவளிடமும் பழுது தேடினேன். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடிக்கிறாள். இரண்டாம் சரணத்தில் வேகம் கூட்டுகிறாள். ஆனாலும் அவள் பாடினால் சபை கண்ணை மூடிக்கொள்கிறது. நான் பாடியபோது பாட்டுப் புத்தகத்தைத்தான் பார்த்தார்கள்.

மேட்டூர் தண்ணீர் தாமதமாகிக் குறுவை பொய்த்த வருடம் அது. கிருபாவின் அப்பாவுக்குக் குத்தகை வழக்கு வேறு. அப்படியும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா பேசாம இருக்கறதுல சபைக்கே சமாதானம்" என்று குழுவில் ஒருத்தி கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கிருபா மட்டும், "சும்மா இருங்கடி" என்றாள். அந்த இரக்கம்தான் அதிகம் குத்தியது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எங்கள் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. இருவர் இருவராக எதிரெதிரே முழங்காலிட்டு, அடுத்தவர் விண்ணப்பத்துக்காக ஜெபிக்க வேண்டும். அன்று போதகரின் மனைவி என்னைக் கிருபாவோடு உட்காரவைத்தார்.

"உங்க விண்ணப்பம் ஊருக்கே தெரியும்க்கா" என்றாள் கிருபா. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அறுப்பின் பண்டிகையில மைக் முன்னால நடுங்காம நிக்கணும்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். "அப்பா, அக்காவுக்குக் குரலத் தாங்கப்பா. பண்டிகைக்கு முன்னாடியே தாங்கப்பா. அவங்க முன்னால நிக்கட்டும், நான் பின்னால நிக்கறேன்."

பேச்சுக்குச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கண்ணீர் என் கையில் விழுந்தது. எனக்குக் குரல் வந்தால் இடத்தை இழக்கப்போகிறவள் அவள். இப்படிக் கேட்க எனக்கு வரவில்லையே என்று அவளுடைய ஜெபத்தின் மேலும் பொறாமைப்பட்டேன்.

என் முறை வந்தது. சத்தமில்லாமல் கேட்டேன்: "ஆண்டவரே, எனக்கு எரிகிறது. இருந்தாலும் இவளுடைய பயத்தை எடுத்துப்போடும்." அவ்வளவுதான் வந்தது.

பண்டிகைக்கு முந்தைய வாரம் டாக்டர் தொண்டையைப் பார்த்தார். முடிச்சு கரைந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், அளவாகப் பாடலாம் என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன்.

பண்டிகையன்று பலிபீடத்தருகே நெற்கதிர்க் கட்டுகள், பூசணி, வாழைத்தார். காணிக்கையாக வந்து ஏலத்துக்குக் கட்டிவைத்த சேவல் ஆராதனை நடுவிலும் கூவியது. கிருபா மைக்கை என்னிடம் நீட்டினாள்.

"வாங்கக்கா, உங்க இடம்."

"அதான் குரல் வந்துருச்சுல்ல, போம்மா" என்றார் முன்வரிசை அத்தை ஒருவர்.

வாங்கத்தான் கை நீட்டினேன். பொய் சொல்லமாட்டேன். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். மைக் நடுங்கியது. அவள் எனக்காகக் கேட்டதைக் கர்த்தர் கொடுத்துவிட்டார். நான் அவளுக்காகக் கேட்டது பாக்கி இருந்தது. மைக்கை நான் வாங்கிக்கொண்டால் அந்த ஜெபத்தை நானே தள்ளிவிட்டதாகிவிடும்.

"நீயே நடத்து" என்றேன். "நான் பக்கத்துல நிக்கறேன்."

அவள் தொடங்கினாள். நான் இரண்டாம் குரல் கொடுத்தேன். முதல் சரணம் முடிவதற்குள் அவள் கை நடுக்கம் நின்றுவிட்டது.

உங்கள் இடத்தில் வேறொருவர் நிற்பதைப் பார்க்கச் சகிக்காதவர்கள் இதைப் படித்தால், அவர் பெயரைச் சொல்லி அவருக்காகக் கேளுங்கள். மனமில்லாமல் கேட்டாலும் கர்த்தர் கேட்கிறார்.

இப்போது பாடற்குழுவைக் கிருபா நடத்துகிறாள். நான் இரண்டாம் குரல் பாடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். என் தொண்டை சுகமாயிருக்கிறது. பொறாமை சில ஞாயிறுகளில் வருகிறது. அப்படி அது வருகிற ஞாயிறுகளில் அவளுக்காக ஜெபிக்கிறேன்.