கட்டுப்படியாகாத வேலைக்கு வந்துபோனவர்

வளர்மதி டீச்சர் இறந்த செய்தி எங்கள் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மே மாதத்து மத்தியானம். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில், சேர்க்கை நோட்டீசும் கையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன். ‘நமது கணித ஆசிரியை திருமதி வளர்மதி அவர்கள் சேர்க்கைப் பணியின்போது மாரடைப்பால் காலமானார்’ என்று தாளாளர் போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். படித்ததை நான் நம்புவதற்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது: ‘அவர் பார்த்துவந்த ஊர்களுக்கு நாளை முதல் யார் போகிறீர்கள்?’ அவசரத்தில் இரண்டு பேர் அதற்கும் கும்பிடு போட்டுவைத்தார்கள்.

தனியார் பள்ளியில் வேலை பார்க்காதவர்களுக்கு இது புரியாது. மே மாதம் எங்களுக்குப் பாடம் கிடையாது, அதனால் சம்பளமும் கிடையாது. ஆனால் வேலை உண்டு. ஊர் ஊராகப் போய், வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்கள் பிள்ளையை எங்கள் பள்ளியில் சேருங்கள்’ என்று கேட்க வேண்டும். பிள்ளை பிடிக்கப் போகிறோம் என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வோம். வெறுங்கையோடு திரும்புகிறவருக்கு ஜூனில் வேலை இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படிப் போன இடத்தில்தான் வளர்மதி டீச்சர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்குமுன் சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பள்ளியில் இரங்கல் கூட்டம் நடத்தினோம். ‘பணியிலேயே உயிர் நீத்தார்’ என்றார் தாளாளர். அது சம்பளமில்லாத பணி என்பதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பேசிய எல்லோரும் அவருடைய சிரித்த முகத்தைச் சொன்னார்கள், பொறுமையைச் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவரோடு தினமும் பஸ்ஸுக்கு நின்றவள் நான். அவ்வளவு பொறுமையில்லாத ஒரு பெண்ணை நான் பார்த்ததே இல்லை. பள்ளி வாசலைத் தாண்டும்போது அந்தச் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். எங்களுக்குச் சீருடைச் சேலை இருப்பதைப் போல அதுவும் ஒன்று.

எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு முதலில் பிரைவேட் பஸ் வரும். அதில் ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம், ஆனால் தினமும் டிக்கெட் எடுத்தால் வாங்குகிற சம்பளத்தைப் பஸ்காரரே பாதி தின்றுவிடுவார். பின்னால் வரும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அது எப்போது வரும் என்பதுதான் தெரியாது. மூன்று முறை தாமதமாகப் போனால் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். எந்தப் பஸ் என்று தினமும் காலையில் எங்களுக்குள் ஒரு சூதாட்டம் நடக்கும். ஒருநாள் பிரைவேட் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றோம். டவுன் பஸ் வந்தது, கூட்டத்தைப் பார்த்துவிட்டு நிற்காமலே போனது. வளர்மதி டீச்சர் அதன் பின்பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னார்: “இங்கிட்டு ஏறுனா டிக்கெட்டு, அங்கிட்டு ஏறுனா லேட்டு. எப்படிப் போனாலும் நாம காசு குடுத்துத்தான் டீச்சர் வேலைக்குப் போறோம்.”

அப்போது கடலை பறிக்கப் போகும் பெண்கள் லோடு ஆட்டோவில் எங்களைக் கடந்தார்கள். அவர்களுடைய ஒரு நாள் கூலி எங்கள் ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். போதாததற்கு மடி நிறையக் கடலையும் உண்டு. “டீச்சரம்மா, இந்தப் பக்கம் ஏறிக்கங்க, எடம் இருக்கு!” என்று ஒருத்தி கூவினாள். “வந்துருவேன்க்கா, இந்தச் சேலைக்கே இன்னும் சம்பளத்துல பிடிச்சு முடிக்கல. மண்ணுல பொரட்ட மனசு வரல,” என்றார் இவர். அவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அன்றைக்குத் தாமதமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேராக எட்டாம் வகுப்புக்குப் போய் லாப நட்டக் கணக்கு நடத்தினார்.

கட்டுப்படியாகாது என்று தெரிந்தும் ஏன் வந்தார்? இந்தக் கேள்வியை அவர் கணவர் செல்வம் அண்ணன் என் முன்னாலேயே கேட்டிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, விவசாயி. நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தும் கணக்கு உதைக்கிற பிழைப்பு அவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். “நீங்களே சொல்லுங்க டீச்சர். ரெண்டு மாடு வாங்கிக் கட்டுனா இவ சம்பளத்தத் தாண்டிரும். சேலை, செருப்பு, பஸ்ஸு எல்லாம் மிச்சம். புள்ளையும் நேரத்துக்குச் சாப்புடும்,” என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

“மாடுதான் ஜெயிக்கும். நான் இல்லேன்னு சொல்லலையே,” என்றார் வளர்மதி டீச்சர், வெங்காயம் உரித்துக்கொண்டே. பிறகு என்னை வழியனுப்ப ரோடு வரைக்கும் வந்தார். “கயல் பன்னெண்டாவது முடிச்சதும் காலேஜுக்குப் போகணும் டீச்சர். இவங்க வீட்டுல வேணாம்பாங்க, கல்யாணம்பாங்க. அன்னைக்கு நான் வாயத் தொறக்கணும்ல? எம்புட்டு சம்பாதிக்கிறேன்னு எவனும் கேக்கப்போறதில்ல. சம்பாதிக்கிறேங்கிறதுதான் பேச்சு. மாட்டுப் பால் காசு அவரு கைக்குப் போகும். இது என் கைக்கு வருது.” கயல் அவருடைய ஒரே மகள், இந்த வருடம்தான் பன்னிரண்டாவது முடித்தாள். இத்தனை வருடமும் அவர் வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக இல்லை, அந்த ஒரு நாள் வாயைத் திறப்பதற்காகத்தான். அந்த நாள் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

பதினாறாம் நாள் கருமாதிக்குத் தாளாளர் காரில் வந்தார். பந்தலில் நடுவாக நாற்காலி போட்டார்கள். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “கயல நாளைலேருந்து ஆபீஸ்ல வந்து ஒக்காரச் சொல்லுங்க. அம்மா எடம்னு நெனச்சுக்கட்டும்,” என்றார். உறவுக்காரர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கயலின் பெரியப்பா எழுந்து நின்று கும்பிட்டார். “ஐயா தெய்வம் மாதிரி,” என்றார் ஒருவர். செல்வம் அண்ணன் குனிந்தே இருந்தார். கல்லூரிப் பேச்சு அந்த நிமிடத்தோடு முடிந்தது என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. செலவு மிச்சம், உள்ளூரிலேயே உத்தியோகம், கல்யாணம் வரைக்கும் கவலையில்லை. ஒரு பெண்ணின் மொத்த உழைப்பையும் ஒரு நாற்காலியைக் காட்டிப் பறித்துக்கொண்டு போவதை நானும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தூணோரம் நின்ற கயல் கேட்டாள்: “சம்பளம் எம்புட்டு சார்?”

“ஏய், எந்த எடத்துல நின்னுக்கிட்டு என்ன கேக்குற?” என்று பெரியப்பா அதட்டினார். தாளாளர் அவரைக் கையமர்த்திவிட்டுச் சிரித்தார். “ஒங்க அம்மா சேரும்போது என்ன குடுத்தேனோ அதையே தர்றேம்மா.”

“அது பத்தாது சார். அம்மாவுக்கே பத்தல. நான் காலேஜுக்குப் போறேன்.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தாளாளர் சாப்பிடாமலே கிளம்பினார். துக்க வீட்டில் பெரிய மனிதரை அவமானப்படுத்திவிட்டாள் என்று அன்று மாலை வரைக்கும் ஊர் பேசியது. செல்வம் அண்ணன் இன்றைக்கு வரைக்கும் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவள் கல்லூரியில் சேர்வாளா என்று எனக்குத் தெரியாது. சேர்ந்து, படித்து, வேலைக்குப் போனாலும் அது கட்டுப்படியாகுமா என்றும் தெரியாது.

வளர்மதி டீச்சரின் சிரிப்பை வேண்டியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம். ‘பத்தாது’ என்ற அந்த ஒரு வார்த்தையை நான் எடுத்துக்கொண்டேன். நானும் டீச்சரும் அதைப் பஸ் நிறுத்தத்தில் சொல்லியிருக்கிறோம், வீட்டில் சொல்லியிருக்கிறோம், ஒருவர் காதில் ஒருவர் சொல்லியிருக்கிறோம். கேட்க வேண்டியவர் முன்னால் ஒரு நாளும் சொன்னதில்லை. ஜூன் பிறந்ததும் இந்த வருடச் சம்பளத்தைச் சொல்வதற்கு எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிடுவார்கள். அகர வரிசைப்படி எனக்கு முன்னால் போகிறவர் வளர்மதி டீச்சர்தான். இந்தமுறை நேராக என் பெயரைக் கூப்பிடுவார்கள். சொல்லிவிடுவேன் டீச்சர்.