குண்டுக்கு உடுத்திய துணி

ஐம்பத்து நாலு வயதில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "யாரைச் சுடறதுக்கு?" என்பதுதான். யாரையும் இல்லை, காகிதத்தில் வரைந்த வட்டத்தை என்று விளக்கினேன். அவர் முகத்தில் நிம்மதி வர ஒரு நிமிஷம் ஆயிற்று. பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் இரண்டு தடவை சந்தேகப்பட்ட பிறகுதான் நம்புவார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. கல்கத்தாவில் எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டிலிருந்து ரைஃபிள் கிளப் ஆட்டோவில் கால் மணி நேரம்.

பெரும்பாலானவர்கள் பளபளவென்று நவீன ரைஃபிள்களோடு நிற்க, நான் போய் விழுந்தது கிளப்பில் ஒன்றே ஒன்று இருந்த பழைய பாணி ரைஃபிளிடம். அதில் தோட்டா கிடையாது. குழலின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, மேலே ஒரு ஈய உருண்டையை வைத்து, நீளக் கம்பியால் அடிவரைக்கும் தள்ளிச் சுட வேண்டும். உருண்டை குழலைவிடக் கொஞ்சம் சின்னது. சும்மா போட்டால் உருண்டு வெளியே வந்துவிடும். அதனால் அதற்கு ஒரு துணி உடுத்த வேண்டும். பழைய ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிய வட்டத் துணி, வழுக்கிக்கொண்டு இறங்க அதில் கொஞ்சம் ஈரமோ எண்ணெயோ. குழலுக்குள் இருக்கும் சுழல் வரிகளை அந்தத் துணிதான் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றி அனுப்பும். துணி சரியில்லை என்றால் அர்ஜுனனே வந்து சுட்டாலும் பக்கத்துச் சுவர்தான்.

பூஜை விடுமுறை முடிந்ததும் கிளப் கேப்டன் ஒரு செய்தி சொன்னார். அவர் சணல் ஆலையில் எஞ்சினியராக இருந்த பெங்காலிக்காரர், நாங்கள் எல்லோரும் அவரைத் தாதா, அதாவது அண்ணா என்போம், அவர் என்னைத் தீதி, அக்கா என்பார். ஜனவரி கடைசியில் வெளியூரில் இந்தப் பழைய பாணி ரைஃபிளுக்கென்றே ஒரு போட்டி. மூன்று பேர் கொண்ட அணி. இரண்டு பேர் முடிவாகிவிட்டது. மூன்றாவது இடத்துக்கு நான், இல்லையென்றால் ஜாதவ்பூரில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் பெண். ஜனவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஐந்து குண்டு. யார் நன்றாகச் சுடுகிறாரோ அவருக்கு டிக்கெட்.

எனக்கு அந்த இடம் வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது, வெறியாகவே வேண்டும். சின்ன வயசிலிருந்து எந்த அணியிலும் என்னைச் சேர்த்தது கிடையாது. த்ரோபாலில்கூட வெளியே போன பந்தைப் பொறுக்கிப் போடத்தான் விட்டார்கள். போதாததற்கு அந்தப் பல் டாக்டர் என்னை "மாஷிமா" என்று கூப்பிடுவாள். இருபத்து நாலு வயது வித்தியாசத்துக்கு நான் அவளுக்குப் பெரியம்மாவா? கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்குத் துணிக்கு எண்ணெயே தேவையில்லை. வட்டத் துணியை வாயில் போடுவாள், நாக்கால் ஒரு புரட்டு, எடுத்து வைத்துக் குண்டை இறக்கிவிடுவாள். பிழைப்பே பிறத்தியார் எச்சிலோடு என்பதால் அவளுக்கு அது பச்சைத் தண்ணி மாதிரி. கேப்டனும் அதைத்தான் சிபாரிசு செய்தார். "போட்டிக்கு எச்சில்தான் தீதி பெஸ்ட். அளவு மாறாது, வீட்டில் மறந்து வைத்துவிட்டும் வர முடியாது" என்றார் பெங்காலியில்.

"தாதா, எங்க வீட்ல டம்ளரைக்கூட வாயில வச்சுக் குடிக்க மாட்டோம்" என்றேன்.

"நான் டம்ளரை வைக்கச் சொல்லவில்லையே" என்றார்.

எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? எங்கள் வீட்டில் தபால்தலையைக்கூட நாக்கில் தடவ மாட்டோம். நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டினால் என் அம்மா கையில் தட்டுவாள். என் கணவரோ இன்னும் ஒரு படி மேலே. ருசி பார்த்த கரண்டியை அலம்பாமல் திரும்பப் பாத்திரத்தில் போட்டால் அந்தக் குழம்பையே தொட மாட்டார். முப்பது வருஷமாகக் கல்கத்தாவில் இருக்கிறோம், ரசகுல்லாவில் ஊறிவிட்டோம், இந்த விஷயத்தில் மட்டும் ஊறவில்லை.

கேப்டன் யோசித்துவிட்டு ஒரு தகர டப்பாவைத் திறந்து அன்போடு நீட்டினார். ஆட்டுக் கொழுப்பு. நான் இரண்டடி பின்னால் போனேன். "அப்படியானால் உங்கள் சமையலறையில் இருப்பதைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டார். பாவம், எங்கள் சமையலறையில் எத்தனை எண்ணெய் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

முதலில் துணி. கணவரின் பழைய மல் வேஷ்டியில் ஒரு மூலையைக் கத்தரித்துக்கொண்டு போனேன். சுட்டபின் முன்னால் போய்ப் பொறுக்கிப் பார்த்தால் நடுவில் பொத்தலோடு கருகிக் கிடந்தது. துணி மெல்லிசு, நெருப்பு தாங்கவில்லை. அடுத்த வாரம் தேங்காய்ப்பூத் துண்டு. அது தடிமன், குண்டு குழலின் வாயிலேயே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. கேப்டன் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கி, வேர்த்து ஊற்றி உட்கார்ந்துவிட்டார். நைலான் புடவையைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. குழலுக்குள் உருகி ஒட்டியதைச் சுரண்டவே ஒரு பகல் போயிற்று.

கடைசியில் சரியான துணி கிடைத்தது பாலிகஞ்சில், மெத்தை தைக்கிற கடையில். நீலக் கோடு போட்ட கெட்டி நெசவுத் துணி, பஞ்சுகூட வெளியே வராது. அரை மீட்டர் கேட்டேன். "இவ்வளவு சின்ன மெத்தை யாருக்கு, குழந்தைக்கா?" என்றார் கடைக்காரர். துப்பாக்கிக் குண்டுக்கு என்று உண்மையைச் சொன்னேன். அவர் மளமளவென்று கிழித்துக் கொடுத்தார். கஞ்சி போகக் கொதிக்கிற தண்ணீரில் அலசிக் காயப்போட்டது என் கணவர். கேலி பண்ணிக்கொண்டேதான் செய்தார், ஆனால் செய்தார்.

பிறகு எண்ணெய். நல்லெண்ணெயில் ஊறவைத்துச் சுட்டேன். மைதானம் முழுக்கக் கருகின தோசை வாசனை. கடுகெண்ணெய் வைத்த அன்றைக்கு, அதிலேயே மீன் வறுத்துப் பழகிய பெங்காலி உறுப்பினர்கள் பாதிப் பயிற்சியில் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். தையல் மெஷின் எண்ணெய் என் கணவரின் யோசனை. கரிமருந்துப் புகையோடு சேர்ந்து அது தார் மாதிரி குழலில் படிந்துவிட்டது, அந்தக் கதையும் வேண்டாம். நெய் உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. ஆனால் டப்பாவைத் திறந்தால் துணிக்கு ஒன்பது எறும்பு. ஊதித் தள்ளிவிட்டுச் சுட மனசு வரவில்லை, பாவம் அதுகள் என்ன பண்ணின.

விளக்கெண்ணெய்தான் தேறியது. அதிலும் ஐந்துக்கு நாலு குண்டு உள்ளங்கை அகலத்தில் விழும், ஐந்தாவது தேசாந்திரம் போகும். எண்ணெய் ஒரு சொட்டு கூடினால் மருந்து நனைந்துவிடுகிறது. "அளவு மாறுகிறது தீதி" என்று கேப்டன் திரும்பத் திரும்பச் சொன்னார். வெறும் தண்ணீரும் தொட்டுப் பார்த்தேன், வழுக்கவே இல்லை. தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் என் கணவரிடம், "நாளைக்கு வாயில போட்டுக்கத்தான் போறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கோ" என்றேன். அவர் பேப்பரை இறக்காமலே, "கிளப்பே பார்க்கப் போறது, நான் வேற சொல்லணுமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல குளிர். முதலில் பல் டாக்டர் சுட்டாள். ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. அடுத்தது நான். பத்து நிமிஷத்தில் ஐந்து குண்டு. உதவிக்கு ஒருவர் பின்னால் நிற்கலாம், என் கணவர் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு துணியை வாயில் போட்டேன். அம்மாவின் கை எங்கிருந்தோ தட்டப்போகிறது என்று தோள் தானாகக் குறுகியது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பது. அடுத்தது எட்டு, ஒன்பது, மறுபடி எட்டு. முப்பத்து நாலு. கடைசிக் குண்டில் பத்து விழுந்தால் இடம் எனக்கு.

அந்தக் கணக்கை நான் போட்டிருக்கக் கூடாது. கணக்கு டீச்சர், வேறென்ன செய்வேன். போட்ட மறு விநாடி வாய் வறண்டுவிட்டது. மருந்தைக் கொட்டிவிட்டேன், துணி வாயில் இருக்கிறது, மென்று பார்க்கிறேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை. காய்ந்த துணி காய்ந்தபடியே வெளியே வந்தது. விளக்கெண்ணெய் டப்பாவை வீறாப்பாக வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு நிமிஷம்தான் பாக்கி.

"ஏன்னா, குடிக்கத் தண்ணி" என்றேன்.

அவர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். எனக்குப் பதிலாகப் பதற்றப்பட்டு முழுக்க அவரே குடித்துத் தீர்த்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயசில், அத்தனை பேர் எதிரில், ஒரு துண்டு மெத்தைத் துணிக்காக மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறேன்.

என் கணவர் என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். என் வாயிலிருந்து எடுத்த துணி. அதை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். பேங்கில் வவுச்சர் சரிபார்க்கிற அதே முகத்தோடு இரண்டு தடவை மென்று, எடுத்து, ஓரங்களை நீவி நேராக்கி என்னிடம் நீட்டினார். "சீக்கிரம். இதைப்பத்தி வீட்ல பேசப்படாது."

குண்டை இறக்கினேன். அத்தனை சுகமாக எந்த எண்ணெயிலும் அது இறங்கியதில்லை. சுட்டேன். புகை விலகியதும் கேப்டன் தொலைநோக்கியில் பார்த்து, "பத்து" என்றார்.

பல் டாக்டர் கையைத் தூக்கினாள். "தாதா, அது மாஷிமாவின் எச்சில் இல்லை." கேப்டன் விதிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை படித்தார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எச்சில் போடலாம் என்றிருக்கிறது. யாருடையது என்று கேட்கவில்லை" என்று புத்தகத்தை மூடினார் கேப்டன்.

மறுநாள் பயணப் பட்டியல் வாட்ஸாப்பில் வந்தது. சுடுபவர்கள் என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது பெயர் என்னுடையது. கருவிகள் என்ற தலைப்பின் கீழ் ரைஃபிள் ஒன்று, கம்பி ஒன்று, குண்டு வார்க்கும் அச்சு ஒன்று, அதற்கு அடுத்த வரியில் என் கணவர்.