தூசிக்குத் தின்ற வெல்லம்

என் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு முறை கடலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறான். என்னுடையதில் ஒன்றை எடுத்து அவனுக்கு வைக்கலாம் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரத்த வகை பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது, சர்க்கரை மட்டும் இடித்தது. நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, எல்லையில் நிற்கிறது என்றார் டாக்டரம்மா. மூன்று மாதம் வாயைக் கட்டுங்கள், நடங்கள், திரும்பப் பார்க்கலாம் என்றார். அப்போதும் இறங்காமல் சர்க்கரை நோய் என்று ஆகிவிட்டால் என்னிடமிருந்து எடுக்க மாட்டார்களாம்.

தலையாட்டிவிட்டு வந்தேன். பயமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்திரித் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே விருத்தாசலம் வந்து சேர்ந்தேன். இறங்கியதும் தக்காளி வாங்கினேன்.

கிட்னி கொடுக்கிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. அம்மா தம்பியோடுதான் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தபோது, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு நான் வருவதற்குள், "எம் பொண்ணு குடுக்குது" என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவு எடுத்த லட்சணம் அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தண்ணி மோட்டார் ஓடலையே என்று எழுந்து போய்விட்டார். நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தேன்.

சொன்னதை மட்டும் செய்தேன். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். மத்தியானச் சோற்றைப் பாதியாக்கி, மீதிக்குக் கீரையும் பீன்ஸும் வைத்துக்கொண்டேன். வேப்பூர் பக்கத்துக் கம்பு வாங்கி, ராத்திரிக்குக் களி கிண்டினேன். வீட்டுக்காரர் ஒரு வாய் தின்றுவிட்டு, "எனக்கு என்னா நோவு?" என்று தட்டை நகர்த்தினார். அவருக்குத் தனியாகச் சோறு வடித்தேன். விடியற்காலையில் கோட்டை வீதி வழியாகப் பழமலைநாதர் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பூக்காரம்மா சில நாள் பார்த்துவிட்டு, "என்னா வேண்டுதல்மா?" என்று கேட்டது. "சக்கரை" என்றேன். சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நல்லா நடக்கும் என்று வாழ்த்தியது. திருத்திச் சொல்ல எனக்குச் சோம்பலாக இருந்தது.

எனக்குப் பீங்கான் பட்டறையில் வேலை. அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைப் பிளேடால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். சுரண்டும்போது மாவு மாதிரி தூசி பறக்கும். புருவம், காது மடல், மூக்கு எல்லாம் வெள்ளையாகிவிடும். சாயங்காலம் கை கழுவியதும் மேஸ்திரி ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார். வெல்லம் தின்றால் தொண்டையில் ஒட்டிய தூசி நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்குள் இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தின்கிறேன். அதை யாரும் இனிப்பு என்று சொல்ல மாட்டோம். பண்டிகைக்கு லீவு விட்டால் அந்த வெல்லத்தை யாரும் தேடுவதும் இல்லை.

நடுவில் ஒரு தடவை அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தேன். இறங்கவில்லை, ஒரு பொட்டு ஏறியிருந்தது. சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண் எதிரில் உட்காரவைத்து, காலையிலிருந்து ராத்திரி வரை என்ன தின்கிறேன் என்று கேட்டது. களி, கீரை, பாதிச் சோறு, சர்க்கரை இல்லாத டீ, எல்லாம் ஒப்பித்தேன். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அதுவும் குழம்பியது. கடைசியில், "வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களாம்மா?" என்றது.

"மருந்தெல்லாம் இல்ல. தூசிக்கு வெல்லம் மட்டுந்தான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டது. "எவ்வளவு வெல்லம்?"

முஷ்டியை மடக்கிக் காட்டினேன். அந்தப் பெண் என் முஷ்டியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அதைக் கண்டு எனக்கே சிரிப்பு வந்தது. அந்த மூன்று மாதத்தில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் வெல்லம் வேண்டாம் என்றதும் பட்டறையில் பஞ்சாயத்துக் கூடிவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து பிசிறு எடுப்பவள், "வெல்லம் எப்பிடிக்கா சக்கரை ஆவும்? சக்கரை வெள்ளையா இல்ல இருக்கும்?" என்று சண்டைக்கு வந்தாள். நெஞ்சில் மண் கட்டிக்கொண்டு சாவாய் என்று பயமுறுத்தினாள். வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். தொண்டை வறவறவென்று இருந்தது. அவள் தினமும் என் பங்கையும் வாங்கி, ஒரு காகிதத்தில் மடித்து என் மடியில் வைத்துவிடுவாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். அப்போதுதான் அது புத்தியில் உறைத்தது. இதைத் தின்றால் போதும். என் வாயால் மாட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ரத்தமே சொல்லிவிடும். அம்மா என்னைக் குறை சொல்ல மாட்டாள், ஐயோ பாவம் உனக்குமா என்று அழுவாள். இப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கமும் வரவில்லை.

தின்னவில்லை. பெரிய மனசு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தம்பியைப் பார்க்கப் போனபோது, அவன் ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடித்தால் உடம்பு வீங்கிவிடும், அதனால் தாகத்தை அப்படித்தான் ஆற்றிக்கொள்வான். துப்பின பிறகு உதட்டில் இருந்த ஈரத்தை நாக்கால் வழித்தான். அதைப் பார்த்த பிறகு மடியில் இருந்த கட்டியை வழியில் ஒரு மாட்டுக்குப் போட்டுவிட்டேன். அடுத்த நாளிலிருந்து பக்கத்தில் இருப்பவளிடமே, நீயே தின்னு என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்து புதுச்சேரிக்குப் போனபோது தம்பியும் கூட வந்தான். அவனை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லா இறங்கிடுச்சும்மா. நீங்க தாராளமா குடுக்கலாம்." எழுந்தேன். கும்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை. கதவைத் திறந்து வெளியே வருவதற்குள் முதுகில் வேர்வை ஊற்றியது.

தம்பி எழுந்து வந்தான். "என்னா சொன்னாங்க?"

நான் கழுத்து வேர்வையைத் துடைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு கிட்டே வந்து, யாருக்கும் கேட்காமல், "சக்கரை இருக்குதுன்னு சொல்லிடுக்கா" என்றான்.

"எங்க?"

"வூட்லதான். அம்மா கேட்டா நானும் அதையே சொல்றேன். ரெண்டு பேரும் சேந்து சொன்னா நம்பிடுவாங்க. நீ பயப்படாத."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அடுத்த மூச்சில் அழுகை வந்தது. மூன்று மாதமாக எங்கே போயிருந்ததோ தெரியவில்லை, எல்லாம் சேர்ந்து வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சக்கரை இல்லடா" என்றேன். "குடுக்கறேன். ஆனா எனக்கு ரொம்பப் பயமா இருக்குது."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்குந்தான்க்கா" என்றான்.