பட்டைத் தூள்

சௌந்தர்யாவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அவளுக்குப் பொய் சொல்ல வராது. வேலூரில் எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்து மேசை என்னுடையது. எனக்குத் தெரியாதா?

ஆம்பூர்ப் பெண். கரியமில வாயுவில் மின்சாரம் செலுத்தி எரிபொருள் எடுக்க விலையுயர்ந்த உலோகம் எதுவும் வேண்டாம், தோல் சீவிய தூளைக் கருக்கிச் செய்த கரியே போதும் என்று காட்டுவதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்குத் தூளில் குரோமியம் துளியும் இருக்கக் கூடாது. குரோமியத்தில் பதனிட்ட நீலத் தோல் ஆகாது. மரப்பட்டையில் பதனிட்ட பழுப்புத் தோல்தான் வேண்டும்.

அந்தத் தூளைக் கொண்டுவந்து கொடுத்தவன் இன்பராஜ். அவள் தெருவில் வளர்ந்து அவளோடு படித்தவன், தோல் பதனிடும் டேனரியில் சீவும் மிஷின் ஓட்டுகிறவன். கட்டுரையில் உன் பேரைப் போடுவேன் என்று அவள் அவனிடம் அப்போதே சொல்லியிருந்தாள். முதல் மூட்டையைச் சோதித்துப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. அதன்பின் வந்ததையெல்லாம் ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பதோடு சரி. "பட்டை வாசனை எனக்குத் தெரியாதா தமிழினி?" என்பாள். ஆம்பூரில் பிறந்தவர்களுக்கு இந்தத் திமிர் உண்டு. கட்டுரை வெளிவந்தது. நன்றி சொல்லும் இடத்தில் அவன் பேர் இருந்தது. அந்தப் பக்கத்தை ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டிக்கொண்டான்.

போன மாதம், ஆய்வேட்டைக் கொடுக்கும் முன், மிச்சமிருந்த கரியை வெளியே சோதனைக்கு அனுப்பினாள். குரோமியம் இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை. எரிபொருளை எடுத்தது கரியா, உலோகமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அத்தனை உழைப்பும் மண்ணாய்ப் போனது.

இருவரும் ஆம்பூருக்குப் போனோம். டேனரி வாசலில் அவன் எதையும் மறைக்கவில்லை.

"பட்டைத் தோல் ஆர்டரே நின்னுபோச்சு. நீலத் தூளைப் பட்டைத் தண்ணியில ஊறவெச்சுக் குடுத்தேன். பாக்க அதே மாதிரிதான் இருந்துச்சு."

"இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் சௌந்தர்யா.

"சொன்னா வேற யார்கிட்டயாவது வாங்கிக்குவே. அவன் பேரு வந்திருக்கும்." கையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டான். "கட்டுரைய வாபஸ் வாங்கிட்டா என் பேரும் போய்டுமா?"

ஒரு அறை விடலாம் போலிருந்தது எனக்கு. அவள் வாழ்க்கையே தெருவுக்கு வந்து நிற்கிறது, இவனுக்குப் பேர் கவலை.

சௌந்தர்யா கத்தவில்லை.

"கரிய மறுபடி செஞ்சுக்குவேன் இன்பா. உன் பேர மறுபடி எழுத என்னால ஆவாது."

அவன் உள்ளே போய்விட்டான். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் அழுதாள்.