கால் ஊன்றாத ஏழு நாள்

கண்ணையா சைக்கிளில் ஏறிவிட்டால் ஏழு நாளைக்கு இறங்கமாட்டான். அதுதான் அவன் பிழைப்பு. மதுக்கரைப் பக்கம் மில் வேலை பார்த்தவன். மில்லை மூடியதும், திருவிழா நடக்கும் ஊர்களில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டக் கிளம்பிவிட்டான். குளியல், சவரம், சாப்பாடு எல்லாம் ஓடுகிற சைக்கிள் மேலேயே. ஒன்றுக்குப் போவதென்றால் நாலு பேர் வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவோம். உள்ளே ஒரு டப்பாவை வைத்து அவன் சமாளித்துக்கொள்வான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். போகிறபோது அவன் சட்டையில் பத்தோ இருபதோ நோட்டைக் குத்திவிட்டுப் போகும். நான் ரேடியோ செட்டுக்காரன், நிஜாம். மைக்கைப் பிடித்து அவனை வானத்துக்கும் பூமிக்குமாகப் புகழ்வது என் வேலை.

தொண்ணூற்று நாலாம் வருசம் அவன் மனைவி கனகத்துக்கு மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய்தான், ஒரு மாதத்துக்குள் ஆபரேசன் செய்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவுக்கு எங்கே போவான்? அந்தச் சமயம் பார்த்து அன்னூரில் ஒரு நற்பணி மன்றம் புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்டக் கிளம்பியது. தலைவர் பாலுசாமி, பருத்தியில் கொட்டை பிரிக்கும் ஜின்னிங் பேக்டரி முதலாளி. நான்தான், என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கண்ணையாவை அவரிடம் கூட்டிப்போனேன்.

"ஏழு நாள் முழுசா ஓட்டிப்போடுங்க கண்ணு. முதல் உதவி உங்க ஊட்டு அம்மணிக்குத்தானுங்க," என்றார் பாலுசாமி. "ஆனா நடுவுல காலை மட்டும் ஊனிப்போடாதீங்க. சனம் ஏமாத்துன்னு சொல்லிப்போடும். அப்புறம் நிதியும் இல்லை, ஒண்ணும் இல்லை."

கண்ணையா கையெடுத்துக் கும்பிட்டான். அப்போதுதான் பாலுசாமி இன்னொன்றும் சொன்னார்: கனகமும் மேடையில் உட்கார வேண்டுமாம். "நோவு கண்ணுல பட்டாத்தானுங்களே சனத்துக்குக் கை பாக்கெட்டுக்குப் போகும்?"

அவளைக் கொண்டுவந்து ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்தார்கள். மேலே பந்தல் கிடையாது. பந்தல் போட்டால் தூரத்தில் நிற்பவர்களுக்கு முகம் தெரியாதாம். சித்திரை வெயில். 'இதோ இந்தச் சகோதரியைப் பாருங்கள்' என்று நாளைக்கு நூறு தடவையாவது நான் மைக்கில் கத்தினேன். பொம்பளைகள் வந்து அவள் மாராப்பையே உற்றுப் பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். அவள் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன். வாங்கவில்லை. "வேண்டாங்ணா. குடிச்சா எங்க போறதுங்க?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மைதானத்தில் பொம்பளைக்கென்று ஒரு மறைப்பு இல்லை. அவனுக்கு வேட்டி பிடிக்க நாலு பேர். இவளுக்கு ஒரு சாக்குப் படுதா கட்ட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, பாவி. செம்பைக் கீழே வைத்துவிட்டு மைக்கை எடுத்துக்கொண்டேன். பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, பொழுது இறங்கிய பிறகுதான் அவள் வாயை நனைப்பாள்.

ஆறாம் நாள் மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கனகத்தின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. முதலில் பார்த்தவன் கண்ணையாதான். மேடைப் பக்கம் வந்து சைக்கிளை மெதுவாக்கினான். "ஏனுங்ணா, கனகத்தைப் பாருங்க! தலை தொங்குது பாருங்க!" என்று கத்தினான். வலது கால் பெடலை விட்டு இறங்கியது. தரைக்கு ஒரு சாண்தான். 'கால், கால்!' என்று சனம் கூச்சல் போட்டது. பாலுசாமி என்னைப் பார்த்தார்.

நான் மைக்கில் சொன்னேன்: "கண்ணையா, காலை ஊனாதே! அம்மணி அசந்து தூங்குறாங்க!"

கால் பெடலுக்குத் திரும்பியது. சனம் கைதட்டியது.

பாலுசாமி காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று நான் மைக்கை மூடிக்கொண்டு அவரிடம் சொன்னேன். "நாலு மணிக்கு, பெருசா நிதி குடுக்கற பெருந்துறை முதலாளி வர்றாருங்க பாய். அம்மணி கையிலதான் சேலை குடுக்கோணும்னு ஆசைப்படறாரு. இருக்கட்டுங்க," என்றார் பாலுசாமி. முதலாளி வந்தார், சேலையை அவள் மடியில் வைத்தார், போட்டோ எடுத்தார்கள். அப்புறம்தான் கார் கிளம்பியது.

பொழுது சாயும்போது டிரைவர் மட்டும் திரும்பி வந்தான். "போயிட்டாங்க பாய். நோவுல இல்லையாம். உடம்புல சொட்டுத் தண்ணி இல்லையாம். ரெண்டு மணி நேரம் முன்னால கொண்டாந்திருந்தாப் பொழைச்சிருப்பாங்கன்னு டாக்டர் எங்களைக் கிழிச்சுப்போட்டாரு."

பாலுசாமி துண்டால் கண்ணைத் துடைத்தார். உடனே, "நாளைக்குச் சந்தைங்க. வசூல் இன்னைக்கு மாதிரி நாலு பங்கு வரும். ஒரே ஒரு நாள், பாய்," என்றார். நான் சம்மதித்தேன். ஏன் சம்மதித்தாய் என்று கேட்காதீர்கள். அந்தக் காசாவது அவனுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான் என் மூளை. கனகத்துக்குக் குளுக்கோஸ் ஏறுகிறது, எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று மைக்கில் அறிவித்தேன். கண்ணையா இரண்டு கையையும் விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே மூன்று சுற்று ஓட்டினான். ஏழாம் நாள் அவன் சட்டையில் நோட்டுக் குத்த இடமில்லை.

இறங்கியதும் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்ட பிறகுதான் விசயத்தைச் சொன்னார்கள். அவன் அழவில்லை. வாயைத் திறந்தபடி எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பாலுசாமி பக்கத்தில் குந்தி அவன் தோளில் கைபோட்டார்.

"மனசைத் தேத்திக்கோங்க கண்ணு. நிதி நோயாளிகளுக்குன்னு நோட்டீஸ்லயே போட்டுட்டமுங்க. அம்மணிதான் இப்ப நோயாளி இல்லீங்களே. மாத்திக் குடுத்தா நாளைக்கு நம்மளை நாலு பேர் கேள்வி கேட்டுப்போடுவாங்க. காரியத்துக்கு இந்த ஐந்நூறை வெச்சுக்கோங்க."

அந்த 'ங்க'வுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கத்துவதற்கென்றே கூலி வாங்குகிற நான், குனிந்து மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அவனை என் வேனில்தான் கூட்டிப்போனேன். பாதி வழியில் கேட்டான்: "நிஜாம் அண்ணா, நேத்து நான் காலை ஊனியிருந்தா, உடனே தூக்கிட்டுப் போயிருப்பமுங்களா? பொழைச்சிருப்பாளுங்களா?"

"இல்லை கண்ணையா. அப்பவே முடிஞ்சுபோச்சு," என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்ணா," என்றான்.